அம்மை கண்ட பிள்ளையை ஆயாம்மா பார்க்கலாமா?



விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் கண்டாச்சிபுரம். இவ்வூரிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் ஒரு வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால் வாசலில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கும். அதைக் கண்டவர்கள் திண்ணையோடு நின்று நலம் விசாரித்துவிட்டுப் போவார்கள். கர்ப்பிணிப் பெண் அந்த வீட்டுப் பக்கமே போகமாட்டாள். கைக்குழந்தைக்காரி தெருவின் மறுபுறமாக நடப்பாள். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை இந்த ஒழுங்கு நீடிக்கும்.

வேப்பிலைக்கு நோயை விரட்டும் ஆற்றல் உண்டு என்று கூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. அந்தக் கொத்து ஓர் அறிவிப்பு. ‘இவ்வீட்டில் தொற்றுநோய் இருக்கிறது, உள்ளே வருவதற்கு முன் உன் நிலையை எண்ணிப் பார்’ என்று எழுத்தறியாதவருக்கும் விளங்குமாறு அது கூறியது. இன்று நம்மில் பலர் படித்துவிட்டோம். வேப்பிலை கட்டுவதை மூடப்பழக்கம் என்று விட்டுவிட்டோம். விட்டதில் தவறில்லை. ஆனால், அதனுடன் அறிவிக்கும் கடமையையும் சேர்த்தல்லவா விட்டுவிட்டோம்? இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. தவறு என் வீட்டில் நடந்தது.

எங்கள் வீட்டில் நடந்தது

என் மனைவி ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. நானோ காலையிலும் மாலையிலும் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன். எங்கள் இளைய மகனுக்கு அப்போது வயது மூன்று. அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாம்மா வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். அவருடைய மகள் கட்டட வேலைக்குப் போய்விடுவதால், ஏழு மாதப் பேரனையும் இடுப்பில் சுமந்து வருவார். எங்கள் கூடத்தில் சேலையால் தூளி கட்டி அவனைக் கிடத்திவிட்டு, எங்கள் மகனுக்குச் சோறூட்டுவார்.

ஒரு நாள் என் மகனுக்குக் காய்ச்சல். கண்கள் சிவந்து, மூக்கொழுகி, இருமலும் சேர்ந்தது. நான்காம் நாள் காதுக்குப் பின்னே சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்தது. அது மணல்வாரி அம்மை, அதாவது தட்டம்மை என்பதை என் மனைவி அன்றே ஐயுற்றாள். எனக்கும் அந்த ஐயம் இருந்தது. ஆனால், பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நேரம். விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள். ‘இது என்னம்மா?’ என்று ஆயாம்மா கேட்டபோது, ‘சூட்டினால் வந்த வேர்க்குரு’ என்று நாங்கள் இருவரும் கூறிவிட்டோம். அந்த ஒரு சொல்லால் எங்களுக்கு மூன்று நாள் வசதி கிடைத்தது.

ஏறத்தாழ இரண்டு வாரம் சென்றபின் ஆயாம்மா வேலைக்கு வரவில்லை. பேரனுக்கு அம்மை கண்டு, அது நெஞ்சுச் சளியாக முற்றி, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. எட்டு நாள் அக்குழந்தை மூச்சுக்குத் திணறியது. அல்லாஹ்வின் அருளால் பிழைத்துக்கொண்டது.

இதைவிட வெட்கத்துக்குரியது இனிமேல்தான் இருக்கிறது. அந்த மாதக் கடைசியில் கணக்குப் பார்த்த நான், அவர் வராத பன்னிரண்டு நாளுக்கும் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தனுப்பினேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் மதரஸாவில், உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கப் பணிக்கும் நபிமொழியைப் பாடமாக நடத்தினேன். முன்வரிசைச் சிறுவன் ஒருவன், ‘அசரத்! வேலை செய்யிற வீட்டாலதான் அவங்களுக்குச் சீக்கு வந்து லீவு போட்டா, அந்த நாளுக்குக் கூலி உண்டா?’ என்று கேட்டான். அவன் யாரையும் மனத்தில் வைத்துக் கேட்கவில்லை. எனக்குத்தான் நா எழவில்லை.

அன்று மாலையே பிடித்த கூலியையும், மருத்துவத்துக்குச் செலவானதில் என்னால் இயன்றதையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். வேர்க்குரு என்று பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். அவர் கூறிய விடை இன்னும் என் செவியில் இருக்கிறது: ‘எனக்கு அன்னிக்கே தெரியும் பாய். நான் அஞ்சு புள்ள பெத்தவ, அம்மை எது, வேர்க்குரு எதுன்னு தெரியாதா? வரலன்னா கூலி போயிடும். இவன எங்க வுட்டுட்டு வர்றது? அதான் வந்தேன்.’

நாங்கள் மறைத்தோம். அவர் தெரிந்தும் தெரியாதவர்போல் இருந்தார். எங்களைப் பொய் சொல்ல வைத்ததும் கூலி பற்றிய அச்சம். அவரை வாய்மூட வைத்ததும் அதுவே. நடுவில் அகப்பட்டுக்கொண்டது ஏழு மாதக் குழந்தை.

கேள்வி என்ன?

தொற்றுநோய் கண்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி வேலைக்கு வரும் பெண்ணிடம் கேட்கலாமா? இதற்கு நம்மவரிடையே இரண்டு விடைகள் உலவுகின்றன. ‘சம்பளம் வாங்குகிறாள், பிள்ளை நன்றாக இருக்கும்போது மட்டும் பார்ப்பதற்கா வைத்திருக்கிறோம்?’ என்பார் ஒரு சாரார். ‘நோய் தீரும் வரை வரவேண்டாம் என்று நிறுத்திவிடலாமே’ என்பார் மற்றொரு சாரார். முதல் விடையில் அவருடைய உடல்நலத்துக்கு மதிப்பில்லை. இரண்டாம் விடையில் அவருடைய வயிற்றுக்கு மதிப்பில்லை. ஏனெனில், நிறுத்திய நாளுக்குக் கூலி தருவதாக அவர்களும் கூறுவதில்லை.

பிள்ளையின் பக்கமும் ஒன்று இருக்கிறது. நோயுற்ற குழந்தை பழகிய மடியைத் தேடும். பெற்றவள் வேலைக்குப் போகும் வீட்டில், அந்த மடி பல நேரங்களில் ஆயாம்மாவினுடையது. என் மகன் அந்தக் காய்ச்சலில் அவர் கையால் கொடுத்த கஞ்சியை மட்டுமே குடித்தான். ஆகவே ‘பார்க்கலாம்’, ‘பார்க்கக்கூடாது’ என்று ஒரே சொல்லில் இதை முடிக்க இயலாது. எந்த நோய், எந்தப் பெண், எந்த நிபந்தனை என்று பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

நோய்களை அறிந்துகொள்வோம்

தட்டம்மை காற்றின் வழியே பரவுவது. நோயாளி இருந்த அறையில், அவர் வெளியேறிய பின்னும் இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கியிருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேர் வரை பீடிக்கப்படலாம். பொரி தோன்றுவதற்கு 4 நாள் முன்பே பரவத் தொடங்கி, தோன்றிய பின் 4 நாள் வரை பரவும். அதாவது, நாம் கண்டறியும் முன்பே வீட்டிலுள்ளோர் அதற்கு ஆட்பட்டிருப்பர்.

‘அப்படியானால், சொல்லியிருந்தாலும் பயன் என்ன?’ என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால், நோயாளியுடன் பழகிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோய் வராமலோ, வந்தாலும் கடுமையாகாமலோ தடுக்க வாய்ப்புண்டு. 6 மாதம் நிறைந்த குழந்தைக்கு அத்தகைய நேரத்தில் தடுப்பூசி போடுவதா, வேறு மருந்து தருவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். காய்ச்சல் கண்ட முதல் நாளே மருத்துவரிடம் காட்டி, ஆயாம்மாவிடமும் உண்மையைக் கூறியிருந்தால், அவர் தம் பேரனைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடியிருப்பார். குறைந்தது, அதன்பின் வந்த நாள்களிலாவது அந்தத் தூளி எங்கள் கூடத்தில் ஆடியிராது. எங்கள் பொய் அந்த வாய்ப்பைப் பறித்துவிட்டது.

சின்னம்மை கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து, கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை பரவும். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை விலகியிருந்த நம் முன்னோர் வழக்கம் இதனோடு பெரிதும் பொருந்துவதைக் காணலாம். பிள்ளைகளை எளிதில் விட்டுவிடும் இந்நோய் வயது வந்தோரைக் கடுமையாகத் தாக்கும். கர்ப்பிணிகளுக்கு நிமோனியா வரை கொண்டுபோய்விடும். சிறுவயதில் ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை.

பொன்னுக்குவீங்கி, கன்னம் வீங்கியபின் 5 நாள் வரை பரவும். ரூபெல்லா என்னும் நோய் பிள்ளைக்கு ஒரு சிறு காய்ச்சலாக வந்து போய்விடும். ஆனால், அப்பிள்ளையை ஏந்திய பெண் கருவுற்ற முதல் மாதங்களில் இருந்தால், கருவிலுள்ள சிசுவின் கண், காது, இதயம் ஆகியவற்றைப் பழுதாக்கும். 1941-இல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர், பிறவியிலேயே கண்புரை கண்ட குழந்தைகள் பலரின் தாய்மார்களுக்குக் கருவுற்ற காலத்தில் இந்நோய் வந்திருந்ததைக் கவனித்து உலகுக்கு அறிவித்தார். கை, கால், வாயில் கொப்புளம் போடும் நோயில், பிள்ளை குணமான பின்னும் சில வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறும். ஆகவே பிள்ளைக்குக் கால் கழுவிவிடும் கைக்குச் சோப்பு கட்டாயம் தேவை.

சில நிமிடம் போதும்

பெரியம்மை என்னும் கொடுநோயின் கடைசி வரலாறே இதற்குச் சான்று. 1977 அக்டோபரில், சோமாலியா நாட்டின் மெர்க்கா நகர மருத்துவமனையில் அலி மாவ் மாலின் என்னும் இளைஞர் சமையற்காரராக இருந்தார். பெரியம்மை கண்ட இரண்டு குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்ட அவரும் ஏறிக்கொண்டார். பயணம் சில நிமிடங்கள்தான். அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கவில்லை. வலிக்கும் என்று அஞ்சித் தவிர்த்துவிட்டதாகப் பின்னாளில் அவரே கூறினார். சில நாள்களில் அவருக்கு நோய் கண்டது. அவர் மூலம் பரவாதிருக்க அந்நகரிலும் சுற்றிலும் 50,000-க்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசி போடப்பட்டது. அவர் பிழைத்தார். வேறு எவருக்கும் பரவவில்லை. இயற்கையாகப் பரவிய பெரியம்மைக்கு உலகில் அவரே கடைசி நோயாளி. 1980-இல் அந்நோய் ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாலின் பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் ஈடுபட்டு, தம் கதையைக் கூறியே தாய்மாரைத் தடுப்பு மருந்துக்கு இணங்க வைத்தார். அப்பணியில் இருந்தபோதே 2013-இல் மலேரியாவால் காலமானார்.

பிள்ளைகளின் நோய் பணியாளரைத் தொற்றச் சில நிமிடம் போதும் என்றால், நாள் முழுதும் தோளில் சுமக்கும் ஆயாம்மாவின் நிலை என்ன?

மறுபக்கமும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் மேரி மல்லன் என்னும் சமையற்காரப் பெண், தமக்கு நோய்க்குறி ஏதுமின்றியே டைபாய்டு கிருமியைச் சுமந்திருந்தார். 1907-இல் பிடித்துத் தனிமையில் வைத்தனர். இனிச் சமைப்பதில்லை என்ற உறுதிமொழியின்பேரில் 1910-இல் விடுவித்தனர். துணி வெளுக்கும் வேலையில் கிடைத்தது குறைந்த கூலி. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமையல் வேலைக்கே போனார். 1915-இல் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் நோய் பரவியபோது அகப்பட்டு, 1938-இல் இறக்கும் வரை தனிமையிலேயே கிடந்தார். அவர் செய்தது தவறுதான். ஆயினும், ஒருவருடைய பிழைப்பைப் பறித்துவிட்டு, ‘நோயைப் பரப்பாதே’ என்று மட்டும் கூறினால் அது நடைமுறைக்கு வராது என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. எங்கள் ஆயாம்மா கூறியதும் இதைத்தானே?

சட்டம் எங்கே நிற்கிறது?

வீட்டு வேலை செய்வோருக்கென 2007-இல் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைக்கப்பட்டது. பதிவு செய்துகொண்டோருக்குப் பிள்ளைகளின் கல்வி உதவி, மகப்பேற்று உதவி, ஓய்வூதியம் போன்றவை உண்டு. 2011-இல் ஜெனீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, வீட்டுப் பணியாளருக்கும் பாதுகாப்பான, உடல்நலத்துக்கு உகந்த பணியிடம் உரிமை என்று 189-ஆம் உடன்படிக்கையில் வகுத்தது. இந்தியா ஆதரித்து வாக்களித்தும், இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஆகவே, நோய் விடுப்பும் அந்நாளுக்குரிய கூலியும் இன்றளவும் வீட்டுக்காரரின் மனச்சாட்சியைப் பொறுத்தே இருக்கின்றன.

நம் சமுதாயப் பெண்கள் பலர் வளைகுடா நாடுகளுக்குக் கத்தாமாவாகப் போய்ப் பட்ட பாடுகளை நாம் கண்ணீரோடு பேசியிருக்கிறோம். குவைத் 2015-இலும் கத்தார் 2017-இலும் வீட்டுப் பணியாளருக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, வார ஓய்வையும் ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பையும் அளித்தன. ‘அங்கே நம் சகோதரிக்கு வேண்டும்’ என்று நாம் கேட்டதை, இங்கே நம் வாசலுக்கு வரும் சகோதரிக்குக் கொடுத்திருக்கிறோமா?

மார்க்கம் காட்டும் வழி

பணியாளர் உங்கள் சகோதரர். அவரால் தாங்க இயலாத சுமையை ஏற்றாதீர்கள். ஏற்ற நேர்ந்தால் நீங்களும் சேர்ந்து உதவுங்கள் என்ற கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். தாங்க இயலாத சுமை என்பது மூட்டை மட்டுமா? தன் வீட்டுக் கைக்குழந்தைக்கு நோய் வந்துவிடுமோ என்ற அச்சமும் சுமையே.

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் தப்பியோடாதீர்கள் என்பதும் நபிவழி. ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டளவில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்தில் செய்தி அறிந்து, தோழர்களைக் கலந்தாலோசித்து மதீனாவுக்குத் திரும்பினார்கள். இறைவிதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்டவருக்கு, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருளில் விடையளித்தார்கள். இதில் நமக்குரிய பாடம் ஒன்றுண்டு. அவர்களுக்குச் செய்தி முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஆகவே முடிவெடுக்க முடிந்தது. செய்தியை மறைத்துவிட்டு, ‘தவக்குல் வையுங்கள்’ என்று பணியாளிடம் கூறுவது எவ்வகையில் நியாயம்?

அண்ணலாரையே குழந்தைப் பருவத்தில் பாலூட்டி வளர்த்தவர் ஹலீமா (ரலி) என்னும் செவிலித்தாய். பிற்காலத்தில் அவரைக் கண்டபோது அண்ணலார் காட்டிய கண்ணியத்தை நாம் மீலாது மேடைகளில் உருக்கமாகப் பேசுகிறோம். நம் பிள்ளையைச் சுமப்பவருக்கு அதில் ஒரு துளி உண்டா?

நாம் செய்யத்தக்கவை

1. பிள்ளைக்குக் காய்ச்சலோ பொரியோ கண்ட அன்றே, ஆயாம்மா வாசற்படி ஏறுமுன் உண்மையைக் கூறிவிடுங்கள். மருத்துவர் சொன்ன நோயின் பெயரை அவருக்கு விளங்கும் சொல்லில் கூறுங்கள்.

2. அந்நோய் முன்பே அவருக்கு வந்திருக்கிறதா, தடுப்பூசி போட்டிருக்கிறாரா, அவர் வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கிறார்களா என்று கேட்டறியுங்கள். எதிர்ப்புச் சக்தி உள்ளவர், மனமுவந்து சம்மதித்தால் பார்க்கலாம். கர்ப்பிணியை ஒருபோதும் அமர்த்தாதீர்கள். அவருடைய குழந்தையை அந்நாள்களில் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவரச் செய்யாதீர்கள்.

3. ‘மாட்டேன்’ என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்நாள்களுக்குரிய கூலியைக் கொடுத்துவிடுங்கள். கூலி உறுதியாக இருந்தால்தான் ‘மாட்டேன்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வரும்.

4. சம்மதித்து வந்தால், சோப்பு, முகக்கவசம், தனித் துண்டு ஆகியவற்றை நீங்களே கொடுங்கள். அறையின் சன்னல்களைத் திறந்து வையுங்கள். இரவு விழிப்பைப் பெற்றோரே ஏற்றுக்கொள்ளுங்கள்.

5. உங்கள் வீட்டிலிருந்து நோய் அவரைத் தொற்றினால் மருத்துவச் செலவு உங்களுடையது. அதைத் தருமமாக எண்ணாதீர்கள், அது கடன்.

6. பிள்ளையின் தந்தை என்ன செய்கிறார்? விடுப்பு எடுப்பது தாயின் கடமை மட்டுமா? என் மகனுக்கு நோய் கண்டபோது, இரண்டு நாள் பாடத்தை வேறோர் அசரத்திடம் ஒப்படைத்துவிட்டு நான் வீட்டில் இருந்திருக்கலாம். அந்த எண்ணமே எனக்கு எழவில்லை.

ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்

தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி நம் நாட்டில் 9 முதல் 12 மாதத்துக்குள் ஒருமுறையும், 16 முதல் 24 மாதத்துக்குள் மறுமுறையும் அரசால் இலவசமாகப் போடப்படுகிறது. 9 மாதத்தில் போடும் முதல் ஊசி நூற்றுக்கு 85 பிள்ளைகளுக்கே காப்பளிக்கும். விடுபட்டவர்களைக் காக்கவே இரண்டாம் ஊசி. என் மகனுக்கு முதல் ஊசி போட்டோம். இரண்டாவது நாளில் ஒரு திருமணத்துக்காக வெளியூர் போனோம். பிறகு மறந்தோம்.

2017-இல் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இத்தடுப்பூசி இயக்கம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கினர். நம் மக்களும் அதில் இருந்தனர். 2022-இன் இறுதியில் மும்பை கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவிப் பிள்ளைகள் உயிரிழந்தனர். நம் சமுதாயத்தார் நெருக்கமாக வாழும் ஏழைக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி அது. நோய் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். நாம் போடத் தவறும் ஊசி, நம் வீட்டுக்கு வேலைக்கு வருபவரின் பேரப்பிள்ளையையும் தாக்கும் என்பதை நான் பட்டு அறிந்தேன்.

இன்று

இரண்டு மாதம் சென்றபின் ஆயாம்மா மீண்டும் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். நாங்கள் அழைத்ததால் மட்டும் வந்தார் என்று எண்ணவில்லை. அவருக்கும் வேலை தேவைப்பட்டது. மாதத்தில் மூன்று நாள் கூலியோடு விடுப்பு என்று பேசி முடித்தோம். பிள்ளைக்கு நோய் என்றால் அந்த நாள்கள் கணக்கில் சேராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டாம் ஊசி போட என் மகனைக் கொண்டுபோன அன்று, அவர் பேரனுக்கும் 9 மாதம் நிறைந்திருந்தது. இருவரையும் ஒரே ஆட்டோவில் அழைத்துச் சென்றோம். இருவரும் சேர்ந்தே அழுதார்கள்.

இப்போது ஒவ்வொரு காலையும் அவர் செருப்பைக் கழற்றுமுன் வாசலில் நின்று, ‘புள்ளைக்கு ஒடம்பு எப்படி இருக்கு?’ என்று கேட்கிறார். முன்பும் அப்படித்தான் கேட்பார்; அப்போது அதை ஒரு நலம் விசாரிப்பாகவே எண்ணியிருந்தோம். இருந்ததை இருந்தபடி கூறுகிறோம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், ‘கண் சிவந்திருக்கிறது, மெட்ராஸ் ஐ போலத் தெரிகிறது’ என்றேன். ‘அப்ப ரெண்டு நாள் கழிச்சு வர்றேன் பாய்’ என்று திரும்பிப் போனார். நான் மதரஸாவுக்கு ஆள் அனுப்பிவிட்டுப் பிள்ளையோடு வீட்டில் இருந்தேன்.

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டு வாசலிலும் இக்கேள்வி நாள்தோறும் கேட்கப்படுகிறது. உண்மையான விடையைக் கூறும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.